செயலும் நலவாழ்வும்: ஆன் வில்காக் அம்மையாரின் ஆய்வுப்பணி

நோயுற்றோரையும் முதியோரையும் சந்திக்கச் செல்லும் ஆயர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. வலி எப்படி இருக்கிறது? மருத்துவர் என்ன சொன்னார்? ஆகாரம் எடுக்க முடிகிறதா? இரவில் தூக்கம் வருகிறதா? இவற்றுக்கு விடை கிடைத்ததும் திருமறைப் பகுதியொன்றை வாசித்து, ஜெபித்து, விடைபெறுகிறோம். "நாள் முழுவதும் என்ன செய்கிறீர்கள்?" என்னும் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும் அது பேச்சை வளர்ப்பதற்கான கேள்வியாக அமைகிறதேயன்றி, நலம் விசாரிக்கும் கேள்வியாக நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் உடல்நலம், மனநலம் ஆகிய இரண்டையும் பற்றிய மையமான கேள்வி இதுவே என்று வாதிட்டு, அதை நிறுவுவதற்குத் தம் பணிவாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஆஸ்திரேலியாவில் பேராசிரியராகப் பணியாற்றிய ஆன் வில்காக் அம்மையார்.

இறையியல் ஏடொன்றில் மருத்துவச் சார்புத் துறையைச் சேர்ந்த அறிஞர் ஒருவரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அம்மையாரின் முடிவுகள் சரியானவை எனில், திருச்சபையின் பராமரிப்புப் பணியில் நாம் நன்மை என்று கருதிச் செய்யும் சில காரியங்கள் தீமையாக முடிகின்றன. மேலும், மனிதனின் மதிப்பு அவன் செய்கையில் இல்லை என்று போதிக்கும் சீர்திருத்தச் சபை மரபினராகிய நாம், "செயலின்றி மனிதனுக்கு நலமில்லை" என்னும் கூற்றை எவ்வாறு ஏற்பது என்ற வினாவும் எழுகிறது.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மருத்துவமனைகளில் 'ஆக்குபேஷனல் தெரபி' என்று வழங்கும் துறையைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்கிறோம். தொழில் என்னும் சொல் இன்று பிழைப்புக்கான வேலையையே குறிப்பதால், இது தொழிற்சாலையில் காயமடைந்தோர்க்கான மருத்துவம் என்றோ, மாற்றுத்திறனாளிகளுக்குக் கூடை முடையக் கற்பிக்கும் ஏற்பாடு என்றோ பலர் எண்ணுகின்றனர். ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் இதே மயக்கம் உண்டு. ஆயினும் இங்குத் தமிழிலக்கணம் நமக்குத் துணை நிற்கிறது. உண்ணல், உறங்கல், நடத்தல், பாடல் ஆகிய யாவற்றையும் நம் இலக்கண நூலார் 'தொழிற்பெயர்' என்றனர். சைவ மரபில் இறைவனுக்குரியதாகச் சொல்லப்படும் ஐந்தொழிலும் சம்பளத்திற்கான வேலையன்று. பழந்தமிழில் தொழில் என்பது செயல் என்னும் விரிந்த பொருளை உடையது. வில்காக் அம்மையார் கையாளும் சொல்லும் அத்தகையதே. ஒருவர் தம் நேரத்தையும் மனத்தையும் ஈடுபடுத்திச் செய்யும் யாவும் அதில் அடங்கும்: சமைத்தல், குழந்தையைக் குளிப்பாட்டுதல், வயலில் களையெடுத்தல், ஆலயத்தில் பாடுதல், திண்ணையில் அமர்ந்து அண்டை வீட்டாரோடு உரையாடுதல். இக்கட்டுரையில் இப்பொருளிலேயே 'செயல்' என்ற சொல்லை ஆளுகிறேன்.

அம்மையாரின் பணிப்பாதை

அம்மையார் தொழில்வழிச் சிகிச்சையாளராகப் பயிற்சி பெற்று, நோயாளிகளிடையே பணியாற்றியபின் ஆசிரியப் பணிக்கு வந்தவர். அடிலெய்டு நகரிலுள்ள தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் விக்டோரியா மாநிலத்தின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் இத்துறையின் பேராசிரியராக இருந்தார். 1993இல் அவர் முன்னின்று தொடங்கிய ஆய்வேடு, இன்று உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் எழுதும் ஏடாக வளர்ந்துள்ளது. 1996இல் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில், செயலுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பொதுச் சுகாதாரக் கண்ணோட்டத்தில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்விலிருந்து வளர்ந்ததே 1998இல் வெளிவந்த அவரது முதன்மையான நூல். அதன் இரண்டாம் பதிப்பு 2006இலும், நியூசிலாந்தைச் சேர்ந்த கிளேர் ஹாக்கிங் அம்மையாருடன் இணைந்து எழுதிய மூன்றாம் பதிப்பு 2015இலும் வந்தன. ஒவ்வொரு பதிப்பிலும் நூல் பெரிதும் திருத்தி எழுதப்பட்டது. பதவியிலிருந்து ஓய்வு பெறுவது ஆராய்ச்சியிலிருந்து ஓய்வு பெறுவதாக அவருக்கு அமையவில்லை. ஓய்வைப் பற்றி அவர் கொண்ட கருத்துக்கும் இது பொருந்துகிறது.

அவர் கேட்ட கேள்வி எளியது. மனிதர் ஏன் செயலில் ஈடுபடுகின்றனர்? பிழைப்புக்காக என்பது உடனடி விடை. ஆனால் வயிறு நிறைந்தவனும் சும்மா இருப்பதில்லை. செல்வந்தன் தோட்டம் போடுகிறான், குழந்தை மணலில் வீடு கட்டுகிறது. செயலுக்கான நாட்டம், பசியையும் தாகத்தையும் போல, மனித இயல்பிலேயே அமைந்தது என்பது அவர் முடிவு. அது மூன்று நோக்கங்களை நிறைவேற்றுகிறது என அவர் விளக்கினார். உணவு, உறைவிடம் போன்ற உடனடித் தேவைகள் அதனால் கிடைக்கின்றன. ஆபத்தினின்று காக்கும் திறன்களும் கருவிகளும் சமூக அமைப்பும் அதனால் உருவாகின்றன. மூன்றாவதாக, மனிதனுக்கு அளிக்கப்பட்ட ஆற்றல்கள் அதனால் பழகி வளர்கின்றன. பயன்படுத்தப்படாத தசை மெலிவதுபோல, பயன்படுத்தப்படாத மனித ஆற்றலும் நலிகிறது. அந்நலிவே காலப்போக்கில் நோயாகவும் வெளிப்படலாம்.

உலக நல நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் (1948), நலம் என்பது நோயின்மை மட்டுமன்று எனக் கூறுவதை நாம் அறிவோம். 1986இல் கனடாவின் ஒட்டாவா நகரில் வெளியிடப்பட்ட நலமேம்பாட்டுச் சாசனம் இன்னும் ஒரு படி மேலே சென்று, நலம் உருவாகும் இடம் மருத்துவமனை அன்று, மக்களின் அன்றாட வாழ்வே என்றது. அம்மையார் தம் வாதத்தை இச்சாசனத்தின்மேல் எழுப்பினார். அன்றாட வாழ்வில் நலம் உருவாகிறது எனில், அன்றாட வாழ்வு எவற்றால் ஆனது என்று அவர் கேட்டார். செயல்களால் ஆனது. ஆகவே தம் துறையினர் நோயாளியின் கட்டிலருகே மட்டும் நிற்காமல், மக்கள் சமுதாயத்தின் நலத்தைப் பற்றியும் பேசவேண்டும் என்பது அவர் கோரிக்கை. துறையில் பலருக்கு இது அதிகப்படியாகவே தோன்றியது.

வரலாற்றில் சமயத்தின் பங்கு

இங்கிலாந்தின் தொழில்வழிச் சிகிச்சையாளர் கல்லூரிக்காக அம்மையார் எழுதிய வரலாறு இரு தொகுதிகளாக 2001, 2002ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. தொல்பழங்காலம் முதலாக மனிதர் செயலின் வழியே நலம் தேடிய கதை அது. இவ்வரலாற்றில் நமக்கு அறிமுகமான பலர் தென்படுகின்றனர். 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்தாருக்கு வகுத்த ஒழுங்கின் 48ஆம் அதிகாரம், கைவேலைக்கும் வாசிப்புக்கும் நாளின் வேளைகளைப் பிரித்துத் தருகிறது. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1790இல் ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் பெண்மணி மனநோய் விடுதியொன்றில் இறந்ததால் வருந்திய அச்சபையார், வில்லியம் டியூக் என்பவரின் தலைமையில் 1796இல் தமக்கெனப் புகலிடம் ஒன்றைத் திறந்தனர். அங்கே சங்கிலியைக் காட்டிலும் தோட்டவேலையையும் தையலையும் நடைப்பயிற்சியையும் அவர்கள் நம்பினர். மனநோயாளி பகுத்தறிவை முற்றும் இழந்தவனல்லன், அவனுக்குள் இன்னும் மனிதன் இருக்கிறான் என்ற சமய நம்பிக்கையே இம்மருத்துவத்தின் அடிப்படை.

அமெரிக்காவில் இத்துறை முறையாகத் தோன்றியபோதும் ஓர் ஆயர் அருகில் இருந்தார். போஸ்டன் நகர் இம்மானுவேல் ஆலயத்தின் குருவானவர் எல்வுட் வூஸ்டர், 1906இல் மருத்துவர்களோடு சேர்ந்து நரம்புத் தளர்ச்சியுற்றோர்க்கான ஆலோசனைப் பணியைத் தொடங்கினார். அவரிடம் உதவி பெற்றோரில் ஒருவர் ஜார்ஜ் எட்வர்டு பார்ட்டன் என்னும் கட்டடக்கலைஞர். எலும்புருக்கி நோயால் நலிந்து, காலின் ஒரு பகுதி அறுவையால் நீக்கப்பட்டு, இடப்பக்கம் செயலிழந்து கிடந்தவர் அவர். குருவானவரின் ஊக்கத்தால் தம்மையே சோதனைப் பொருளாகக்கொண்டு, தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து உடலைத் தேற்றிக்கொண்டார். நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் 1914இல் அவர் திறந்த வீட்டுக்கு 'ஆறுதல் இல்லம்' என்று பெயரிட்டார். அவ்வில்லத்தில்தான் 1917 மார்ச் மாதம் ஒரு சிலர் கூடி இத்துறைக்கான முதல் அமெரிக்கச் சங்கத்தை நிறுவினர். அடுத்த சில ஆண்டுகளில் மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர், வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகிய நான்கின் சமநிலையே மனநலம் என்ற கருத்தை வகுத்தளித்தார்.

பின்னர் வந்த காலத்தில் துறை இவ்விரிந்த நோக்கை ஓரளவு இழந்தது. மருத்துவர்களின் மதிப்பைப் பெறும் ஆவலில், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிகிச்சையாளர்கள் மூட்டின் அசைவையும் தசையின் வலுவையும் அளப்பதிலேயே ஈடுபட்டனர். அறிவியல் என்ற பெயருக்காகத் தன் ஆன்மாவை அடகு வைக்கும் சோதனை மருத்துவத் துறைகளுக்கு மட்டுமே உரியதன்று. இறையியல் கல்லூரிகளில் உள்ளோர் இதைச் சொல்லாமலே அறிவர். 1961இல் மேரி ரைலி என்ற அமெரிக்கப் பேராசிரியை துறையினரை மீண்டும் மூலக் கருத்துக்கு அழைத்தார். 1980களின் இறுதியில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் யெர்க்சாவும் அவர் தோழரும், மனிதச் செயலையே ஆராயும் தனி அறிவியல் ஒன்றுக்கு அடித்தளமிட்டனர். வில்காக் அம்மையாரின் ஏடும் நூலும் இம்மறுமலர்ச்சியின் பகுதியாகும்.

செய்தல், இருத்தல், ஆதல்

1998இல் கனடிய ஏடொன்றில் வெளியான கட்டுரையில், செயலை அம்மையார் மூன்று வினைகளால் விளக்கினார்: செய்தல், இருத்தல், ஆதல். தமிழில் இம்மூன்றும் எத்துணை இயல்பாக அமைகின்றன என்பது கவனிக்கத்தக்கது. செய்தல் வெளிப்படையானது. இருத்தல் என்பது ஒருவர் தாமாக இருப்பது. ஆரவாரமின்றித் தம்முள் அமைந்து, சிந்தித்து, தம் இயல்புக்கு உண்மையாயிருப்பது. ஆதல் என்பது இன்னும் ஆகவேண்டிய ஒன்றை நோக்கி வளர்வது. அது எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் உள்ளடக்கியது. இம்மூன்றும் இணையும்போதே செயல் நலம் தருகிறது. இருத்தல் இல்லாத செய்தல் வெறும் பரபரப்பு. ஆதல் இல்லாத செய்தல் செக்கு சுற்றுதல்.

'சும்மா இருத்தல்' என்பதைத் தாயுமானவர் போன்றோர் உயர்ந்த நிலையாகப் போற்றிய மொழி நம் மொழி. அதே சொல்லை நாம் வேலையில்லாத இளைஞனைப் பழிக்கவும் பயன்படுத்துகிறோம். "பையன் என்ன செய்கிறான்?" "வீட்டில் சும்மாதான் இருக்கிறான்." ஒரே சொல் பேரின்பத்தையும் பெருந்துயரத்தையும் குறிக்கிறது. தானாக மேற்கொண்ட அமைதிக்கும், பிறரால் சுமத்தப்பட்ட வெறுமைக்கும் உள்ள தொலைவே இது. அம்மையாரின் 'இருத்தல்' முன்னதையே சுட்டுகிறது. அவரது போராட்டம் பின்னதை எதிர்த்தே.

பின்னர் நான்காவதாக ஒரு வினை சேர்ந்தது: ஒன்றியிருத்தல். கனடாவில் வாழும் கேரன் வேலி ஹேமல் என்ற ஆய்வாளர், இத்துறையின் கோட்பாடுகள் தன்னந்தனியாக வெற்றி காணும் மேலைநாட்டு மனிதனையே கண்முன் வைத்து எழுதப்பட்டவை என்று கடுமையாகக் குறைகூறினார். பிறருக்காகச் செய்வதும், பிறரோடு செய்வதும், பிறரால் ஏற்கப்படுவதும் அவற்றில் இடம்பெறவில்லை என்பது அவர் வாதம். ஒன்றியிருத்தலின் இடத்தை 2004இல் அவர் வலியுறுத்தினார். அம்மையாரின் நூலும் பிற்காலத்தில் இதை இணைத்துக்கொண்டது. குடும்பத்துக்காகச் சமைப்பதையும் தனக்காக மட்டும் சமைப்பதையும் ஒன்றெனக் கொள்ளாத நம் நாட்டுத் தாய்மாருக்கு இது புதிய செய்தியாக இராது.

இந்நான்கும் எட்டிலுள்ள சொற்களாக நின்றுவிடவில்லை என்பதற்கு அமெரிக்க ஆய்வொன்றைக் குறிப்பிடலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தாமே வாழ்ந்துவந்த, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 361 முதியோரை ஃபுளோரன்ஸ் கிளார்க் அம்மையாரும் குழுவினரும் மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் ஒன்பது மாதங்கள் தொழில்வழிச் சிகிச்சையாளருடன் கூடி, தம் அன்றாட வாழ்வின் செயல்களை ஆராய்ந்து, தமக்குப் பொருளுள்ளவற்றைத் தெரிந்துகொண்டு, அவற்றைச் செய்யும் வழிகளைக் கண்டனர். இரண்டாம் பிரிவினருக்கு விளையாட்டு, கைவினை, உல்லாசப் பயணம் போன்ற பொழுதுபோக்குக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. 1997இல் வெளிவந்த முடிவுகளின்படி முதற்பிரிவினர் உடல்நிலை, மனநிலை, வாழ்க்கை நிறைவு ஆகியவற்றைக் காட்டும் பல அளவுகளில் மேம்பட்டிருந்தனர். சிகிச்சை முடிந்து ஆறு மாதங்களுக்குப் பின்னும் அப்பயன் பெரும்பாலும் நிலைத்திருந்தது. வியப்புக்குரியது இரண்டாம் பிரிவினரின் நிலை. பொழுதுபோக்குக் கூட்டங்களுக்கு வந்தோர், எதுவும் பெறாதோரைவிடச் சிறப்பாக இல்லை. முதியோர் ஐக்கியக் கூட்டங்களை நடத்தும் சபையார் இம்முடிவை ஒருமுறை நிதானமாக எண்ணிப்பார்க்கலாம்.

செயல் நீதி

அம்மையாரின் ஆராய்ச்சி இறுதியில் நீதியைப் பற்றிய வினாவாக மாறியது. செயல் இயற்கைத் தேவை எனில், அதை ஒருவருக்கு மறுப்பது உணவை மறுப்பதைப் போன்றதாகும். கனடிய அறிஞர் எலிசபெத் டவுன்சென்டுடன் இணைந்து 'செயல் நீதி' என்னும் கருத்தை அவர் வளர்த்தார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2004இல் வெளியாயிற்று. பொருளுள்ள செயலில் ஈடுபடவும், அதைத் தெரிந்துகொள்ளவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். இவ்வுரிமை பறிக்கப்படும் விதங்களையும் அவர்கள் காட்டினர். பொருளற்ற வேலையில் மனிதன் தனக்கே அந்நியனாகிறான். சிலர்க்கு வேலை மிகுந்தும் சிலர்க்கு இல்லாமலும் சமநிலை குலைகிறது. செய்யத் தகுந்தவர் யார் என்பதைப் பற்றிய எழுதப்படாத விதிகளால் சிலர் ஓரங்கட்டப்படுகின்றனர். பெண்களையும் ஒடுக்கப்பட்டோரையும் பொறுத்தவரை நம் சபைகளே இதற்குச் சான்று தரவல்லவை. இவற்றோடு, தம் வசத்தில் இல்லாத காரணங்களால் நீண்டகாலம் செயலினின்று விலக்கப்பட்டோரின் நிலையும் உண்டு. கெயில் ஒயிட்ஃபர்டு என்ற ஆய்வாளர் நியூசிலாந்துச் சிறையொன்றில் இதை ஆராய்ந்து 1997இல் எழுதினார். பின்னர் அகதிகளைப் பற்றியும் எழுதினார்.

இத்துறை இந்தியாவுக்கு வந்தது 1950இல், கமலா நிம்ப்கர் அம்மையார் பம்பாயில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் வாயிலாக. 1952இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர் நாடுகள் பத்தில் இந்தியாவும் ஒன்று. ஆயினும் செயல் நீதியின் பொருளை விளங்கவைக்கும் நிகழ்ச்சி நமக்கு மிக அருகில், வேலூரில் நடந்தது. அங்கே மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். மருத்துவ உலகம் அதை வியந்தது. ஆனால் குணமடைந்து சென்றவர்களில் சிலர் திரும்பி வந்து, இந்தக் கையைக் காட்டிப் பிச்சை எடுக்கவும் முடியவில்லை, வேலை தருவாரும் இல்லை என்று முறையிட்டனர். கை திரும்பக் கிடைத்தது. அக்கை செய்வதற்கு உலகில் ஒன்றும் இல்லை. இதை உணர்ந்தே 1950களின் தொடக்கத்தில் 'நவஜீவ நிலையம்' என்னும் சிறு குடியிருப்பு அமைக்கப்பட்டது. மருத்துவம் பயிலுமுன் லண்டனில் கட்டடத் தொழிலும் தச்சும் கற்றிருந்த பிராண்ட், இளைஞர்களுக்குத் தாமே உளியும் இழைப்புளியும் பிடிக்கக் கற்பித்தார்.

அதன் விளைவு நோயாளிகளோடு நிற்கவில்லை. தொழுநோயாளரின் விரல்கள் நோயின் காரணமாகத் தாமாகவே அழுகி விழுகின்றன என்றே அக்காலத்தில் பலர் நம்பினர். தச்சுக்கூடத்தில் இளைஞர்கள் வேலை செய்வதை உடனிருந்து கவனித்தபோதுதான், வலியை உணராமையால் அவர்கள் கருவியை மிகையாக அழுத்துவதும், காயம் பட்டதை அறியாமல் அக்கையாலேயே தொடர்ந்து உழைப்பதும் பிராண்டுக்குத் தெளிவாயிற்று. விரல் இழப்பு பெரும்பாலும் தடுக்கக்கூடியது என்ற அறிவு அங்கிருந்து பரவியது. மனிதனைக் கட்டிலில் மட்டும் கண்ட மருத்துவத்துக்குத் தெரியாத ஒன்று, அவனைச் செயலில் கண்டபோது தெரிந்தது.

தேவையும் மதிப்பும்

இனி முதலில் குறிப்பிட்ட இறையியல் வினாவுக்கு வருவோம். செயலின்றி நலமில்லை என்றால், பக்கவாதத்தால் படுத்த படுக்கையானவரும், நினைவு தவறிய மூதாட்டியும் எங்கே நிற்கின்றனர்? செயல்திறனைக் கொண்டு மனிதனை எடைபோடும் இக்காலத்துக்கு அம்மையார் மேலும் ஒரு தராசைக் கொடுத்துவிட்டாரா? இவ்வையம் நியாயமானது. துறைக்குள்ளேயே ஹேமல் போன்றோர் இதை எழுப்பியுள்ளனர்.

என் கருத்தில், இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்தறிவது இன்றியமையாதது. மனிதனுக்கு எது தேவை என்பது ஒரு கேள்வி. அவன் மதிப்பு எதில் உள்ளது என்பது வேறொரு கேள்வி. அம்மையார் விடையளிப்பது முதற்கேள்விக்கு. விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல் என்னும் போதனை விடையளிப்பது இரண்டாவதற்கு. உணவு தேவை என்பதால் உண்பவனே மதிப்புள்ளவன் என்று யாரும் சொல்வதில்லை. இவ்விரண்டையும் குழப்பும்போது இருவகைத் தவறுகள் நேர்கின்றன. செயலையே மதிப்பாகக் கொள்ளும் சமுதாயம் செயலற்றோரை ஒதுக்குகிறது. செயல் மதிப்பைத் தருவதில்லை என்று சரியாகக் கூறும் சபையோ, செயல் தேவையும் இல்லை என்ற முடிவுக்குத் தவறாக வந்து, தன் பராமரிப்பில் உள்ளோரைச் சும்மா அமர்த்திவிடுகிறது. மடத்தின் வழிபாட்டுக்கு மட்டும் உரியதாயிருந்த 'அழைப்பு' என்னும் சொல்லை மார்ட்டின் லூத்தர் செருப்புத் தைப்பவருக்கும் பால் கறப்பவருக்கும் உரியதாக்கினார். செயலால் இரட்சிப்பைச் சம்பாதிக்கவேண்டிய கட்டாயம் நீங்கியதால்தான் அவரால் அது இயன்றது. ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் மனிதன் தோட்டத்துப் பணியைப் பெறுவது வீழ்ச்சிக்கு முன்பே என்பதையும் நினைவிற்கொள்க. அங்கே வேலை தண்டனையும் அன்று, கூலிக்கு ஈடும் அன்று.

படுக்கையில் கிடப்போரைப் பொறுத்தவரை, தேவை என்று கூறுவதனாலேயே நமக்குக் கடமை பிறக்கிறது. பசியுள்ளவர் தாமே உண்ண இயலாதபோது நாம் ஊட்டுகிறோம். தாமே செயலைத் தேடிக்கொள்ள இயலாதவருக்கு அதைக் கொண்டுசேர்ப்பதும் அத்தகைய ஊட்டுதலே. இருத்தலும் ஒன்றியிருத்தலும் கைகால்களைச் சார்ந்தவையல்ல என்பது இங்கே உதவிக்கு வருகிறது.

சபைகள் நடத்தும் முதியோர் இல்லங்கள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். தரை சுத்தமாக இருக்கிறது. மூன்று வேளை உணவு நேரத்துக்கு வருகிறது. காலை மாலை ஜெபம் நடக்கிறது. ஐம்பது ஆண்டுகள் ஒரு பெரிய குடும்பத்துக்குச் சமைத்த பாட்டியம்மா, "நீங்கள் உட்காருங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அன்போடு தடுக்கப்பட்டு, சமையலறை வாசற்படியைத் தாண்டாமல் வாழ்கிறார். அன்புதான் அது, ஐயமில்லை. ஆனால் அவ்வன்பில் அவருடைய கைகளுக்கு இடமில்லை. முருங்கைக்கீரை உருவுவதற்கும், ஆலயத்துக்குப் பூக்கட்டுவதற்கும், புதிதாக வந்த பணிப்பெண்ணுக்குக் குழம்பின் பக்குவம் சொல்லிக்கொடுப்பதற்கும் அவரை அழைத்தால் சமையல் சிறிது தாமதமாகும். மேற்பார்வையாளருக்குத் தொல்லையும் கூடும். இல்லத்தின் நிர்வாகக் குழுவில் அமரும் ஆயர்கள் வரவு செலவைப் பார்க்கும் அதே கூட்டத்தில் இத்தொல்லையை ஏற்பதைப் பற்றியும் முடிவெடுக்கலாம். எதைச் செய்வது என்பதை அம்முதியோரே தெரிந்துகொள்ளவேண்டும். எல்லாரையும் ஒரே நேரத்தில் காகிதப் பூ செய்ய அமர்த்தினால், லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டாம் பிரிவினரின் கதையாகவே முடியும்.

ஓய்வுபெற்ற ஆயர்களின் நிலை தனியே எழுதத்தக்கது. நாற்பது ஆண்டுகள் பிரசங்கித்த ஒருவர் ஒரு ஞாயிறு முதல் பின்வரிசையில் அமர்கிறார். ஆண்டுக்கொருமுறை பொன்னாடை போர்த்துகிறோம். அவரிடம் ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் இரண்டு பிள்ளைகளை ஒப்படைப்பது பொன்னாடையைவிடச் செலவு குறைந்தது.

படுக்கையிலுள்ளோருக்குப் பரிந்து மன்றாடும் பணியைக் கொடுப்பது நம்மிடையே வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆயினும் "நீங்கள் எங்களுக்காக ஜெபித்தால் போதும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருவது, பொழுதைப் போக்க ஏதோ ஒன்றைக் கொடுத்ததாகவே அவர்களுக்குப் படும். பெயர்களைக் கொடுக்கவேண்டும்: தேர்வெழுதும் மாணவி, வேலை தேடும் இளைஞன், பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண். அடுத்த முறை செல்லும்போது என்ன ஆயிற்று என்று வந்து சொல்லவேண்டும். குழந்தை பிறந்திருந்தால், இயலுமாயின் அந்தத் தாயையே அழைத்துச் சென்று குழந்தையை அக்கட்டிலில் சற்று நேரம் கிடத்தலாம்.